உறிஞ்சலும் உறைதலும்

சென்ற மார்கழித் திங்களில், பனிமூட்டம் தில்லி நகரைப் போர்த்திக் கிடந்த ஒரு மாலையில், எட்டாம் வகுப்பிற் பயிலும் எம் பெயர்த்தி தன் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தாள். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டு அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவேண்டுமாம். அன்று பள்ளியில் அறிவியல் பாடத்திற் கேட்டு வந்த சொல்லையே அவள் தேர்ந்திருந்தாள். "தாத்தா, அப்ஸார்ப்ஷன் என்பதற்குத் தமிழில் என்ன?" என்று வினவினாள். "உறிஞ்சுதல்" என்று யாம் ஒரு நொடியும் தாழாது விடையிறுத்தோம். அவ்வளவில் அவள் போயிருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இராது. அவள் போகவில்லை. "அப்படியானால் உங்களை எதற்காக உறிஞ்சினார்கள்?" என்றாள்.

அவள் வினாவுக்குக் காரணம் உண்டு. கார்த்திகையில், ஓய்வூதியத்துக்குரிய உயிர்வாழ் சான்று அனுப்பும்பொருட்டு, பழைய இரும்புப் பெட்டியைத் திறந்து கோப்புகளைப் பரப்பியிருந்தோம். அவற்றுள் 1989ஆம் ஆண்டில் எமக்கு வந்த அலுவலக ஆணை ஒன்றை அவள் எடுத்துப் படித்திருக்கிறாள். இன்ன நாள் முதல் இன்னார் இவ்வலுவலகத்தில் நிலையாக 'அப்ஸார்ப்' செய்யப்படுகிறார் என்பது அதன் வாசகம். பஞ்சு நீரை உறிஞ்சுவது ஒன்றையே அச்சொல்லுக்குப் பொருளாகக் கற்ற பிள்ளைக்கு, தாத்தாவை ஓர் அலுவலகம் உறிஞ்சியது என்றால் நகைப்பு வாராதோ? யாமும் உடன் நகைத்தோம். ஆனால் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அதே சொல்லுக்குத் தமிழ் என்ன என்று முன்னொரு காலத்தில் வேறொருவர் எம்மைக் கேட்டிருக்கிறார். அவருக்கு யாம் சொன்ன விடை நேர்மையானதன்று.

முதலிற் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். எம் குற்றத்தைப் பின்னர்ச் சொல்கிறோம்.

இலத்தீன் மொழியில் 'ஸோர்பேரே' என்பது வாயால் உறிஞ்சிக் குடித்தலைக் குறிக்கும் வினை. அதன் முன் 'அப்' என்னும் ஒட்டுச் சேர்ந்து, உறிஞ்சி உள்ளே கொண்டுவிடுதல், விழுங்கிவிடுதல் என்ற பொருளைத் தந்தது. கிரேக்கத்தில் 'ரொஃபெயின்' என்றும் லித்துவேனிய மொழியில் 'ஸுர்ப்தி' என்றும் இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. இவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், சூடான காப்பியை உறிஞ்சும்போது எழும் ஓசையே காதில் விழுவதாக எமக்குத் தோன்றுகிறது. கோடையில் நாம் அருந்தும் சர்பத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததோ என்று ஐயுற்று ஒரு நாள் முழுதும் அகராதிகளைப் புரட்டினோம். அன்று, அது குடித்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. முகம் ஒத்திருந்தாலும் உறவில்லாதவர்கள் மனிதரில் இருப்பதுபோலவே சொற்களிலும் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் விழுங்கிவிடுதலையே குறித்தது. நம் அகத்தியர் கடலைக் குடித்தாரே, அத்தகைய விழுங்கல் என்க. பின்னரே மையொற்றுத் தாள் மையை ஏற்பது, குடல் உணவின் சத்தை ஏற்பது, பொருள் ஒளியை ஏற்பது, உள்ளம் ஒன்றில் ஆழ்வது, ஓர் அலுவலகம் ஆளைத் தன்னிடத்தே சேர்த்துக்கொள்வது என்றெல்லாம் கிளைத்தது. ஒரு பொருள் உட்புகாமல் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்வதற்கு வேறு பெயர் வேண்டுமெனக் கருதி, செருமானிய அறிஞர் ஹைன்ரிஷ் கைசர் 1881ஆம் ஆண்டில் ஒட்டை மட்டும் மாற்றி 'அட்ஸார்ப்ஷன்' என்ற சொல்லை வழக்கிற் கொணர்ந்தார். இக்காலத்துத் தமிழ்ப் பாடநூல்கள் முன்னதை உட்கவர்தல் என்றும் பின்னதைப் பரப்புக் கவர்தல் என்றும் வழங்குகின்றன. வேறு ஊரில் நெடுநாள் வாழ்ந்தும் அவ்வூரின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருப்பவர் நம்மிடையே பலர். அவர்க்கு இப்பின்னைச் சொல் நன்கு பொருந்தும். குடலைப் பற்றிப் பேசுங்கால் அதே பாடநூல்கள் உட்கிரகித்தல் என்கின்றன. தமிழ்நாட்டு அரசாணைகளிலோ, தற்காலிகப் பணியாளரை நிலையான பணியில் 'ஈர்த்துக்கொள்வது' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலேயன் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆளும் இடத்தில் தமிழன் நான்கு சொற்களை வைத்திருக்கிறான். இதனைக் குறையென்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. ஈர்த்தல் வேறு, உறிஞ்சுதல் வேறு. ஈர்க்கப்படுபவன் தன் விருப்பத்தோடும் வரலாம் அன்றோ?

உள்ளம் ஒன்றில் ஆழ்வதற்கோ நம்மிடம் இன்னும் பெருஞ் செல்வம் உண்டு. ஆழ்தல், மூழ்குதல், ஒன்றுதல், லயித்தல், தோய்தல். ஆழ்வார் என்னும் பெயரே இறையன்பில் ஆழ்ந்தவர் எனப் பொருள்படும் என்பது வழிவழிக் கொள்கை. 'ஆள்வார்' என்ற வடிவே முந்தியது என்று கல்வெட்டுகளைக் காட்டி வாதிடும் ஆராய்ச்சியாளரும் உளர். எமக்கு இவற்றுள் மிக உவப்பானது தோய்தல். துணியை நீரில் தோய்க்கிறோம். ஆற்றில் தோய்ந்து எழுகிறோம். நூல்களில் தோய்ந்தவர் என்று புலவரைப் போற்றுகிறோம். வானளாவிய மாடத்தை வான்தோய் மாடம் என்கிறோம். பால் தயிராவதும் தோய்தலே. உறிஞ்சுதலில் ஒருவன் கொள்வான், மற்றவன் இழப்பான். தோய்தலில் அந்தக் கணக்கு அவ்வளவு தெளிவாக இல்லை.

தயிரைப் பற்றிப் பேச்செடுத்தமையால் தில்லிக்கு வந்த கதையைச் சொல்லவேண்டியதாயிற்று.

1984ஆம் ஆண்டின் இறுதியில், சென்னையில் மாநில அரசின் அலுவலகம் ஒன்றிலிருந்து மூன்றாண்டுத் தவணையில் அயற்பணியாகத் தில்லிக்கு வந்தோம். 'டெபுடேஷன்' என்ற சொல் அந்நாளில் எம் வீட்டில் மந்திரம்போல் ஒலித்தது. மூன்றாண்டு கழிந்ததும் திரும்பிவிடலாம் என்பது அதன் பொருள். எம் அன்னையார், மனைவி, இரண்டு வயது மகன், யாம் ஆக நால்வர். அன்னையார் ஒரு சிறு பித்தளைக் கூசாவில் உறைமோர் கொண்டுவந்தார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. கரோல் பாகில் வாடகைக்குப் பிடித்த இரண்டாம் மாடி அறைகளில், சனவரிக் குளிரில், அன்றிரவே பாலைக் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றினார். விடிந்து பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. மறு நாளும் அவ்வாறே. உறைமோரில் உள்ள நுண்ணுயிர்கள் தழைக்க நல்ல வெதுவெதுப்பு வேண்டும். தில்லியிலோ சனவரியிற் சில இரவுகள் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும் என்பதை யாம் அறியோம். மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டார். பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் வைத்தார். மூன்றாம் நாள் கூசாவில் இருந்த மோரும் தீர்ந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒன்று போயிற்று என்று அவர் அடைந்த துயரம், அந்நாளில் எமக்குச் சற்று மிகையாகத் தோன்றியது.

கீழ்த்தளத்தில் ஒரு பஞ்சாபி மூதாட்டி குடியிருந்தார். 1947இல் இலாகூரிலிருந்து ஓடிவந்தவர். எல்லோருக்கும் அவர் பீஜி. அவர் ஒரு கிண்ணத்தில் தயிர் கொண்டுவந்து வைத்து, அதற்கு 'ஜாமன்' என்று பெயர் சொன்னார். பாத்திரத்தைக் கம்பளியிற் சுற்றிக் கோதுமை மாவுப் பீப்பாயின் அருகே வைக்கவேண்டும் என்று கைச்சைகையால் விளக்கினார். மறு நாள் தயிர் கட்டியாக உறைந்திருந்தது. ஒரு வாரம் கழித்து அவர் மாடிப்படியில் எம் அன்னையாரைக் கண்டு, "ஜம் கயே?" என்று கேட்டாராம். தயிர் உறைந்ததா என்று கேட்கிறார் எனக் கொண்டு, அன்னையார் கிண்ணத்தை எடுத்துவந்து காட்டினார். பீஜி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கேட்டது தயிரைப் பற்றியன்று. நீங்கள் நிலைகொண்டுவிட்டீர்களா, ஊன்றிவிட்டீர்களா என்பது வினா. இந்தியில் 'ஜம்னா' என்னும் வினைக்கு இறுகுதல், உறைதல் என்றும் பொருள். ஓரிடத்தில் நிலைபெறுதல் என்றும் பொருள்.

வியப்பு என்னவெனில், தமிழிலும் அவ்வாறேதான். பால் உறைகிறது, பனி உறைகிறது, இறைவன் கோயிலில் உறைகிறான், மனிதன் உறையும் இடம் உறைவிடம் அல்லது உறையுள். இதனை அன்றே அன்னையாருக்குச் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார். எமக்கு அந்த நினைவு அப்போது எழவில்லை.

எம் வீட்டுப் பேச்சில் நாளடைவில் 'தயிர் ஜமித்துவிட்டது' என்ற சொற்றொடர் புகுந்தது. தமிழ் ஆர்வலர் காதைப் பொத்திக்கொள்ளலாம். ஆயினும் அந்தச் சொல் எவ்வாறு உள்ளே வந்தது என்பதை நோக்குங்கள். வேற்று மொழி வினையொன்று தமிழ் வீட்டிற்குள் நுழையவேண்டுமாயின் வாயிற்படியில் ஓர் இகரத்தைச் சூட்டிக்கொள்ள வேண்டும். லயித்தது, கிரகித்தது, சிந்தித்தது என வடசொற்கள் அவ்வாறே வந்தன. ஜமித்ததும் அந்த வாயில் வழியாகவே வந்தது. அயற்சொல் தமிழுக்குள் வருங்கால் வேற்றெழுத்தை நீக்கிவிட்டு நம் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்று தொல்காப்பியர் விதித்திருக்கிறார். வரக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சாவியும் சன்னலும் அலமாரியும் மேசையும் இல்லாத தமிழ் வீடு இன்று எங்கே இருக்கிறது? நம் நீரும் மீனும் வடமொழிக்குள் சென்று நீரம் என்றும் மீனம் என்றும் வாழவில்லையா?

இந்தியில் உறிஞ்சுதலுக்கு 'அவசோஷண்' என்பார்கள். அதன் ஒட்டை நீக்கிச் 'சோஷண்' என்றால் ஒருவன் உழைப்பை மற்றவன் கொள்ளைகொள்ளுதல். உலர்த்துதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து பிறந்தவை இரண்டும். நாம் இதற்குச் சுரண்டல் என்கிறோம். வடநாட்டுக் கொடியவன் உறிஞ்சுகிறான், நம் நாட்டுக் கொடியவன் சுரண்டுகிறான். அலுவலகத்தில் ஆளைச் சேர்த்துக்கொள்வதற்கு மட்டும் அச்சொல்லைத் தவிர்த்து 'ஆமேலன்' என்று எழுதுகிறார்கள். 'மேல்' என்பது அங்கே சேர்க்கை, கலப்பு. ஆங்கில ஆணையைவிட இந்தி ஆணை கனிவாகப் பேசும் இடம் இஃது ஒன்றே போலும்.

மூன்றாண்டு ஐந்தாண்டாக நீண்டது. 1989இல் எம் மேலலுவலர் ஒரு படிவத்தைத் தந்தார். விரும்பினால் இங்கேயே நிலையாகச் சேர்த்துக்கொள்வார்கள். பதவி உயர்வு விரைவில் வரும். மகனும் பள்ளியிற் சேர்ந்துவிட்டான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அயற்பணியில் இருப்பவனுக்குத் தாய் அலுவலகத்தில் ஓர் இடம் காத்திருக்கும், 'லியன்' என்பார்கள். நிலையாகச் சேர்ந்த அன்றே அது அற்றுப்போகும். எழுதுகோலை எடுத்தபின் பத்து நாள் அப்படிவம் எம் மேசை இழுப்பறையிற் கிடந்தது. மனைவிக்குத் தெரியும். அன்னையாருக்குத் தெரியாது. திருவாரூருக்கு அருகே எம் ஊர் வீட்டின் சாவியை அவர் தாலிக்கொடி இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கயிற்றிற் கோத்து அணிந்திருந்தார். அதைப் பார்த்தபடி அவரிடம் இதனைச் சொல்ல எமக்கு நா எழவில்லை. கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டோம்.

ஆணை வந்த அன்று எம் முகக்குறிப்பைக் கண்டு, "என்ன காகிதம்?" என்று கேட்டார். படித்துக் காட்டினோம். ஆங்கிலச் சொற்களுக்கிடையே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "அப்ஸார்ப் என்றால் தமிழில் என்ன?" என்றார். "வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, அம்மா" என்றோம்.

பொய் என்று எவரும் அதனைச் சொல்ல இயலாது. அதுதான் அதன் கொடுமை. அவர் அன்றே பாயசம் வைத்து, பீஜிக்கும் மாடியிலுள்ள வங்காளிக் குடும்பத்துக்கும் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். மகனுக்கு வேலை நிரந்தரமானது என்று அவர் ஊருக்கு எழுதிய கார்டை யாமே அஞ்சலிற் சேர்த்தோம்.

நான்கு திங்கள் கழித்து, உடன் பணிபுரிந்தவர் ஒருவரின் மனைவியார் பேச்சுவாக்கில், "இனி நீங்களும் எங்களைப்போல் தில்லிக்காரர்கள்தாம், திரும்பிப்போகும் வழியை அடைத்துவிட்டார்களே" என்று சொல்லிவிட்டார். அன்னையார் எம்மிடம் சினங்கொள்ளவில்லை. இரண்டு நாள் பேசாதிருந்தார். மூன்றாம் நாள் இரவு, பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றிக்கொண்டே, "அந்தக் காகிதத்தில் எனக்கும் சேர்த்தியா?" என்று கேட்டார்.

எம்மிடம் விடை இல்லை. அந்தக் காகிதத்தில் ஒரு பெயர்தான் இருந்தது.

அதன்பின் அவர் தில்லியில் பதினான்கு ஆண்டு வாழ்ந்தார். வாழ்ந்தார் என்றே சொல்லவேண்டும்; ஒடுங்கிக் கிடக்கவில்லை. பீஜியுடன் சேர்ந்து குளிர்காலத்துக் காரட்டில் அல்வாக் கிண்டினார். வினைச்சொல் எதுவும் இல்லாமல் பெயர்ச்சொற்களை மட்டும் வைத்தே இந்தி பேசினார். காய்கறிக்காரர் அதற்கே அஞ்சினார். சனிக்கிழமைதோறும் எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்திய சைவ சாத்திர வகுப்புக்குத் தவறாது போனார். அங்கிருந்து ஒரு நாள் திரும்பிவந்து எமக்கு ஒரு பாடம் நடத்தினார். அதை இங்கே எழுதாமல் விட மனம் வரவில்லை.

பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய திருவருட்பயனில், உயிர் இறைவனோடு கலப்பது எத்தகையது என்பதற்கு ஓர் உவமை வருகிறது. கடலில் உப்புக் கரைவது போன்றதன்று அது. 'தாடலை' போன்றது என்கிறார். தாள் என்பது திருவடி. தலை என்பது அடியவன் தலை. இரண்டும் சேர்ந்தால் தாடலை என ஒரு சொல்லாகிறது. ஒலியில் ஒன்று, ஆனால் தாளும் உண்டு, தலையும் உண்டு. ஒன்றாகியும் ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. சைவ சித்தாந்தத்தின் அத்துவிதக் கொள்கை முழுதையும் ஒரு சந்தி விதிக்குள் அடக்கிவிட்ட இந்த உவமையை யாம் கல்லூரியிற் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். அன்னையாரோ அதை வேறு விதமாகக் கணக்கிட்டு வந்திருந்தார். "தாளில் இருந்த 'ள்' போய்விட்டது. தலையில் இருந்த 'த' மாறி 'ட' ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஒவ்வொன்று விட்டுக்கொடுத்தார்கள். உன் காகிதத்தில் விட்டுக்கொடுத்தது யார்?"

நிலைமொழி ஈறு கெடுதல், வருமொழி முதல் திரிதல் என்று நன்னூல் விதியால் விடை சொல்லத் தொடங்கினோம். அவர் கேட்டது நன்னூல் அன்று என்பது பாதியில் விளங்கி நிறுத்திக்கொண்டோம்.

1995இல் ஊர் வீட்டை விற்றபோது சாவியைக் கழற்றித் தந்தார். 2003ஆம் ஆண்டு குளிரில் மறைந்தார். நிகம்போத் படித்துறையில் எரியூட்டினோம். சாம்பலை யமுனையிற் கரைக்கவில்லை. அவர் வந்த அதே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கொண்டுசென்று, பூம்புகாரில் காவிரி கடலொடு கலக்குமிடத்திற் கரைத்தோம்.

பெயர்த்தியின் வினாவுக்கு வருவோம். மறு நாள் காலை அவளை அழைத்து, உறிஞ்சுதல் என்று சொன்னது அவசர விடை என்று ஒப்புக்கொண்டோம். இலத்தீனத்தையும் தோய்தலையும் தாடலையையும் சொன்னோம். அவள் சிலவற்றைக் குறித்துக்கொண்டாள். பலவற்றுக்குக் கொட்டாவி விட்டாள். ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு வேண்டாம் என்பது அவள் கட்சி, அது சரியே. பிறகு அந்த ஆணையை எடுத்துவந்து, "இதை மட்டும் தமிழில் எழுதித் தாருங்கள், இதைத்தான் வகுப்பில் படிக்கப்போகிறேன்" என்றாள்.

ஒரே வாக்கியந்தான். எழுதி முடிக்க ஒரு முற்பகல் ஆயிற்று. ஈர்த்தல் என்று எழுதி அடித்தோம்; எம்மை எவரும் ஈர்க்கவில்லை, யாமே ஒப்பமிட்டோம். உறைதல் என்று எழுதவும் கை கூசியது. அது பிற்பாடு எமக்குக் கிடைத்தது, அந்தக் காகிதத்தில் இல்லாதது. முடிவில் இவ்வாறு எழுதினோம்: 'இவர் தம் ஒப்புதலின்பேரில் இந்நாள் முதல் இவ்வலுவலகத்துக்குள் நிலையாகக் கொள்ளப்படுகிறார். முன்பிருந்த அலுவலகத்துக்குத் திரும்பும் உரிமை இவருக்கு இன்றோடு அற்றது.' ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்தது தமிழில் இரண்டு வாக்கியமாயிற்று.

பெயர்த்தி அதை உரக்கப் படித்துப் பார்த்தாள். 'அற்றது' என்பதில் அவளுக்கு நா புரளவில்லை. இருமுறை சொல்லிப் பழகினாள். சமையலறையில் அவள் பாட்டி பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கொள்ளுப்பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டினீர்களா, தாத்தா?" என்று கேட்டாள்.

"இல்லை, அம்மா" என்றோம்.

அவள் குறிப்பேட்டை மூடிக்கொண்டு, சரி, தேதியையும் எழுதித் தாருங்கள் என்றாள்.